ஹீட்டருக்குள் குடித்தனம்

அரிசோனா பாலைவனத்தில் தன் கேரவன் வீட்டு வண்டியை நிறுத்தி ஐந்து நாளாகியும் ட்ரூடிக்கு வெந்நீர் கிடைக்கவில்லை. முப்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள் அவள். ஹீட்டரில் கேஸ் வருகிறது, பொறியும் அடிக்கிறது, தீ மட்டும் பிடிப்பதில்லை.

பக்கத்து கேரவன்காரர் க்ளைடு, மடக்கு நாற்காலியில் இருந்தபடியே தீர்ப்புச் சொன்னார். "உள்ள இருக்கற சர்க்யூட் போர்டு போயிடுச்சு. நானெல்லாம் பச்சைத் தண்ணிலதான் குளிக்கிறேன். உடம்புக்கு நல்லது."

"உங்க உடம்பைப் பார்த்தா அப்படித் தெரியலையே."

ட்ரூடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேஸை மூடிவிட்டு ஹீட்டர் கதவைத் திறந்தாள். தீ எரியும் குழாயைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தாள். உள்ளே பஞ்சு பஞ்சாகச் சிலந்தி வலை. கேஸ் வாசனையில் சொக்கிப்போன சிலந்தி, கோடை முழுக்க சும்மா நின்ற வண்டியில் குடித்தனமே நடத்தியிருக்கிறது. பாட்டில் கழுவும் பிரஷ்ஷை விட்டு வலையை இழுத்துப் போட்டாள். குழாயை மாட்டி, கேஸைத் திறந்து, இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவினாள். குமிழி வரவில்லை; கசிவு இல்லை. பொத்தானை அழுத்தினாள்.

குப்பென்று நீலத் தீ பிடித்தது.

அறுபத்தேழு வயது ட்ரூடி வண்டியைச் சுற்றி ஓடியே வந்தாள். "பிடிச்சிடுச்சு க்ளைடு! என் கையாலயே! சிலந்தி வலைதான், பாட்டில் பிரஷ்ஷால எடுத்துட்டேன்!"

க்ளைடு எழுந்து தன் வண்டிக்குள் போய்விட்டார். கோபித்துக்கொண்டார் போல என்று நினைத்தாள். அரை மணி நேரத்தில் அவள் கதவு தட்டப்பட்டது. தோளில் துண்டும் கையில் சோப்புமாக அவர்தான் நின்றார்.

"என் ஹீட்டருக்கு அந்த பிரஷ்ஷை அப்புறம் குடுங்க. முதல்ல குளிச்சுக்கறேன். வெந்நீரைப் பார்த்து மூணு வருஷமாச்சு."