பெயருக்குக் காத்திருந்த காசித்தும்பை

செடிக்குப் பேர் வைக்கிறவர்களுக்குப் பின்னால் மூட்டை தூக்கிப் போகிற தொழிலில், வெயில் என்பது கேள்விப்படுகிற சங்கதி. எங்கள் ஊர் பேத்துப்பாறையிலிருந்து மேலே ஏறினால், காலையில் கட்டிய வேட்டி சாயங்காலம் வரை ஈரமாகவே கெடக்கும். அட்டைக்கு ரத்தம் கொடுத்து நடந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். மற்றவர்களும் கேளுங்கள், மழைக்காலத்தில் துணி காயாமல் தவிக்காத வீடு எது?

காயாத பூ

மதுரையிலிருந்து வரும் பேராசிரியை அம்மாவுக்குக் காசித்தும்பைதான் சோலி. வாசலில் நாம் வளர்க்கிற காசித்தும்பைக்கு மலையில் ஏகப்பட்ட பங்காளிகள். தண்டு உள்ளவை ஒரு கூட்டம். தண்டே இல்லாமல் ஈரப்பாறையில் இலையை ஒட்டவைத்து, பூவை மட்டும் காம்பில் தூக்கிக் காட்டுபவை இன்னொரு கூட்டம். எங்கள் ஓடைப் பாறையில் அந்த இரண்டாம் கூட்டத்தில் ஒன்றைப் பார்த்தார். வெளிறிய ரோஸ் நிறம், பூவுக்குப் பின்னால் வளைந்த வால். இதற்கு இதுவரை யாரும் பேர் வைக்கவில்லை என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அந்த ஒரு பாறையைத் தவிர வேறெங்கேயும் அது கண்ணில் படவில்லை. “பேர் இருந்தாத்தாண்ணே இதைக் காப்பாத்துங்கன்னு மனு கொடுக்க முடியும்” என்றார்.

பேர் வேண்டுமானால் செடியைக் காயவைத்துத் தாளில் ஒட்டித் தரவேண்டும். காசித்தும்பைப் பூ முழுக்கத் தண்ணீர். அப்படியே வைத்து அழுத்தினால் மறுநாள் டீக்கறைதான் மிஞ்சும். ஆகவே இதழ் இதழாகப் பிரித்து, தாளுக்குள் வைத்து, அந்தத் தாளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஈரத்தாளை எல்லாம் எங்கள் அடுப்புக்கு மேலே கயிறு கட்டித் தொங்கவிட்டோம். குழம்பு வாசம் ஏறிய தாள்களை மடித்துக்கொண்டே என் சம்சாரம் பாக்கியம் சொன்னாள்: “நம்ம மகனுக்குக்கூட இவ்வளவு பாடுபடலைங்க, காதுல மூணு தடவை சொன்னோம், பேர் ஆகிப்போச்சு.”

வால் சண்டை

இது புதுச் செடிதான் என்று ஒத்துக்கொள்ள, பேராசிரியை அம்மாவுக்கும் மூத்த ஒருவர் ஜீப்பில் வந்தார். வெள்ளைக்காரன் காலத்தில் யாரோ ஒருவர் இந்த மலையில் இதே மாதிரி ஒன்றை எடுத்துப் பேர் வைத்திருக்கிறாராம். அவர் ஒட்டிய தாள் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அதில் பூ நசுங்கி ஒன்றும் தெரியவில்லை. அதுவும் இதுவும் ஒன்றா, வேறா? பாறையில் வழுக்காமல் நிற்கவே பாடு. அதில் நின்று இருவரும் சண்டை போட்டார்கள். வால் வேறு, இலையில் மயிர் வேறு என்று அம்மா லென்ஸை நீட்டினார்.

பெரியவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். “வால் வளைஞ்சதுக்கெல்லாம் பேர் வச்சா, மலையில பேரில்லாம நாம ரெண்டு பேருந்தான் மிஞ்சுவோம், காயும் விதையும் கொண்டாங்கம்மா, பாப்போம்.”

பைக்குள் விழுந்த விதை

காசித்தும்பைக் காயைத் தொட்டவர்களுக்குத் தெரியும். முற்றிவிட்டால் விரல் பட்டதுமே வெடித்து விதையை எறிந்துவிடும். பாக்கியம் பழைய வேட்டியில் சின்னச் சின்னப் பைகள் தைத்தாள். அம்மாவுக்குப் பதற்றம், ஒன்றிரண்டு தவறினாலும் மற்றது அகப்படட்டும் என்று எல்லாக் காய்க்கும் பை கட்டச் சொன்னார். கட்டினோம். எல்லாமே அகப்பட்டது. பாறையில் விழ வேண்டியதெல்லாம் பைக்குள் விழுந்தது. வீட்டில் அதை வாங்கிப் பார்த்துவிட்டு பாக்கியம் கேட்டாள்: “விதை நெல்லையும் சேத்துக் குத்திட்டீகளா?”

கறுப்புக் குழாய்

அடுத்த வருஷம் மழை பொய்த்தது. பக்கத்துத் தோட்டத்துப் பாண்டி பாறைக்கு மேலே ஓடையில் கறுப்புக் குழாயைச் சொருகிவிட்டான். பாறை ஈரமில்லாமல் வெளுத்துக்கொண்டே வந்தது.

“ஏலே பாண்டி, குழாயைப் பாறைக்குக் கீழ போடுடா.”

“கீழ போட்டா தண்ணி எந் தோட்டத்துக்கு ஏறுமா மச்சான்?”

“அங்க ஒரு செடி கெடக்குடா.”

“பேரென்ன?”

“இன்னும் வைக்கல.”

அவன் சிரிக்கவில்லை. கடன் வாங்கி விதை போட்டவன், எப்படிச் சிரிப்பான்? குழாயின் வாயைக் கல் வைத்து இறுக்கிக்கொண்டே சொன்னான்: “பேரு வந்ததும் வெரசா வந்து சொல்லுங்க, எடுத்துர்றேன், அதுவரைக்கும் எம் பீன்ஸு குடிக்கட்டும், வாடுன காயை ஒட்டன்சத்திரம் சந்தையில எவனும் தொடமாட்டான்.”

பேர் வந்த நாள்

பேர் வந்தது. பெரியவர் விதையைப் பார்த்து ஒத்துக்கொண்டு, எழுதிக் கேட்டு, பதில் வந்து, திருத்தி, மறுபடி எழுதி, பல மழைக்காலம் கழித்து வந்தது. எங்கள் ஓடையின் பேரையே லத்தீனில் இழுத்து வைத்திருந்தார் அம்மா. நான் வெள்ளனே போய்ப் பாண்டியிடம் சொன்னேன். அவன் வந்து குழாயை உருவிச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

பாறையில் பழையபடி தண்ணீர் வழிந்தது. பாறை இடுக்கில் அந்தச் செடியின் கிழங்கு ஏதாவது உயிரோடு இருந்தால் துளிர்க்கும் என்று அம்மா அந்த மழைக்காலம் முழுக்க வந்து போனார். பையில் விழுந்த விதையில் மிச்சமிருந்ததை முன்னாலேயே மதுரையில் தொட்டியில் போட்டுப் பார்த்திருந்தார். அந்தச் சூட்டில் அது எங்கே முளைக்க? கடைசியாக வந்த அன்று பாறையைத் தடவிப் பார்த்தார். பாசி மட்டும் பிடித்திருந்தது. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: “நாம ஒட்டுன தாள்ல குழம்பு வாசம் அடிக்குதுன்னு அதை வாங்கி வச்சவங்க சொன்னாங்கண்ணே, இனிமே செடின்னா அந்தத் தாள் மட்டுந்தான்.”

பேர் வைக்கிறதுக்கும் கருமாதிக்கும் ஒரே பந்தலைப் போட்டு முடித்துக்கொள்கிற சிக்கனமான தொழில் எங்களுடையது.