காலை எடுத்தாலும் ஓடிய கார்

விழுப்புரத்தில் நாங்கள் குடியிருந்த தெருவில் ஒரு காரும் ஒரு மாட்டு வண்டியும் எதிரெதிரே வந்தால் ஏதாவது ஒன்று பின்வாங்கியாக வேண்டும். எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் மாலை, அந்தத் தெருவுக்குள் நீளமான வெள்ளி நிறக் கார் ஒன்றை என் கணவர் மெல்ல ஓட்டி வந்து நிறுத்தினார். கார் எங்களுடையதல்ல, திண்டிவனத்து டாக்டருடையது. ஆனால் கதவைத் திறந்து அவர் இறங்கிய தோரணையைப் பார்த்து, எங்களுக்கு யோகம் அடித்துவிட்டதாகவே எதிர்வீட்டார் நினைத்துக்கொண்டார்கள்.

அவர் குவைத்தில் ஒரு வீட்டுக்கு டிரைவராக இருந்தார். கல்யாணமான கொஞ்ச நாளிலேயே விமானம் ஏறிவிட்டவர். நாங்கள் சேர்ந்திருந்த மாதங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த முறை விடுப்பில் வந்தபோதுதான் டாக்டருக்கு ஆள் தேவைப்பட்டது. டாக்டரும் பல வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டுக் காரோடு ஊர் திரும்பியவர். வலது முழங்காலில் பழைய அடி. பிரேக் போடுவது அவருக்குச் சிரமமில்லை. ஆக்ஸிலேட்டரை ஒரே சீராக மிதித்துக்கொண்டு சென்னை வரை போவதற்குத்தான் கால் இடம் கொடுக்கவில்லை. என் கணவர் தினமும் பஸ் ஏறித் திண்டிவனம் போய் அவருக்குக் கார் ஓட்டிவிட்டு வீடு திரும்புவார். விடுப்பு முடியும் நாள் நெருங்கியது. ஒரு நாள் சோற்றைப் பிசைந்தபடி, "இப்பிடியே இருந்துடலாம் போலக்குது" என்றார். நான் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன். வாயைத் திறந்தால் அது கலைந்துவிடும் என்று பயமாக இருந்தது.

காரை அன்று வீட்டுக்குக் கொண்டுவந்தது ஒரு ரிப்பேருக்காக. "க்ரூஸ் கன்ட்ரோல்னு ஒண்ணு. வேகத்த வச்சிட்டுக் கால எடுத்துடலாம், வண்டி தானா அதே வேகத்துல போய்க்கினே இருக்கும். நான் அங்க ஓட்டுற வண்டியிலயும் கீது. இதுல புடிக்குது, கொஞ்ச தூரம் போனா விட்டுடுது" என்றார்.

"அது சரியாயிட்டா டாக்டரே ஓட்டிக்குவாரா?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். "ஓட்டிக்குவாரு" என்று சொல்லிவிட்டு, ஸ்டீயரிங்குக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டார்.

மறுநாள் முழுக்க அதே வேலைதான். ஃப்யூஸைப் பார்த்தார், ஒயர்களைத் துடைத்து மாட்டினார், எஞ்சின் பக்கம் வெடித்திருந்த ஒரு ரப்பர் குழாயை மாற்றினார். ஒவ்வொன்றுக்கும் பிறகு நெடுஞ்சாலைக்குப் போய் ஓட்டிப் பார்த்துவிட்டு வருவார். முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். "நல்ல ரோட்டுல நிக்குது. குண்டும் குழியுமா இருந்தா விட்டுடுது. ஒரே பேஜாரா கீது." எனக்கு உள்ளூர நிம்மதியாக இருந்தது.

சாயங்காலம் தெருக்கோடி ரயில்வே கேட் வரை அவரோடு போய், அங்கே இறங்கி நின்றேன். கார் தண்டவாளத்தின் மேல் குலுங்கிக் குலுங்கி ஏறியது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் பின்னாலிருந்த சிவப்பு விளக்கு மின்னி மின்னி அணைந்தது. மேட்டில் ஏறும் வண்டிக்கு யாராவது பிரேக் போடுவார்களா? பிரேக்கை லேசாகத் தொட்டாலே அந்தக் கருவி பிடியை விட்டுவிடும் என்று முந்தின நாள்தான் அவர் எனக்கு விளக்கியிருந்தார். நின்ற இடத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

சொல்லாமல் இருந்திருக்கலாம். அவர் திரும்பி வந்து கதவைத் திறந்தார். கையெல்லாம் கிரீஸ், முகத்தில் ஒரு களைப்பு. அந்த முகத்தை வைத்துக்கொண்டு என்னால் சும்மா நிற்க முடியவில்லை.

"ஏங்க, பிரேக்க மிதிச்சிக்கினா போனீங்க?"

"இல்லியே, ஏன்?"

"பின்னாடி சேப்பு வெளக்கு எரிஞ்சி எரிஞ்சி அணைஞ்சிது."

அப்படியே தரையில் உட்கார்ந்து பிரேக் பெடலின் மேற்புறத்தைத் தடவிப் பார்த்தார். மிதிக்காதபோது பெடல் ஒரு சின்ன சுவிட்சை அழுத்திக்கொண்டிருக்கும்; அந்த இடத்தில் இருந்த ரப்பர் வில்லை பாதி பொடிந்து உதிர்ந்திருந்தது. வண்டி குலுங்கும்போதெல்லாம் சுவிட்ச் விடுபட்டு, யாரோ பிரேக்கைத் தொட்டுவிட்டதாக அந்தக் கருவி ஏமாந்திருக்கிறது. "ந்தா, ஜல்தியா வா! உன் பழைய ரப்பர் செருப்பு ஒண்ணு கெடந்துச்சே, அதக் குடு" என்று வீட்டுக்குக் கிளம்பினார். செருப்பிலிருந்து ஒரு துண்டை வட்டமாக வெட்டிப் பசை தடவி ஒட்டினார். அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

காரைக் கொடுக்கப் போகும்போது என்னையும் அழைத்துப் போனார். டாக்டர் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தார், இவர் பக்கத்தில், நான் பின்னால். சாலையோரம் காயப்போட்டிருந்த மல்லாட்டைக் கடலையைத் தாண்டி ஒலக்கூர் பக்கம் போனோம். "கால எடுத்துட்டேம்பா! பாரு, எடுத்துட்டேன்!" என்று டாக்டர் சின்னப் பிள்ளைபோலக் கூவினார். திரும்பி வந்து இறங்கியதும் தயங்கி, "இனிமே நானே போய் வந்துடுவேன்னு நெனைக்கிறேன்" என்றார்.

"தாராளமா போலாம் சார். இனிமே விடாது" என்றார் என் கணவர். குரலில் பெருமை மட்டும்தான் இருந்தது.

விடுப்பு முடிந்ததும் குவைத்துக்குப் போனார். அப்புறம் வருவதும் போவதுமாகவே காலம் ஓடி, தலை நரைத்த பிறகுதான் ஒரேயடியாக ஊரோடு வந்தார். சேர்ந்திருக்கக் கிடைத்த அந்தக் கடைசி வருடங்களைச் சர்க்கரையும் ஆஸ்பத்திரியும் பங்கு போட்டுக்கொண்டன. இப்போது அவர் இல்லை. மகன் காரில் அகலமான புதுச் சாலையில் திண்டிவனம் போகும்போதெல்லாம், அவன் ஒரு பொத்தானை அழுத்திவிட்டுக் காலை எடுத்துக்கொள்கிறான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

காரைக் கொடுத்த அன்று திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் திரும்பினோம். ஒரே சீட்டில் பக்கத்தில் பக்கத்தில். பஸ் ஊரைத் தாண்டியது. அவர் மெதுவாக, "நீ சொல்லாம இருந்திருக்கலாம் இல்ல?" என்றார்.

"நீங்க சரி பண்ணாம இருந்திருக்கலாம் இல்ல?" என்றேன்.

சிரித்தார். சிரித்துக்கொண்டே என் தோளில் சாய்ந்தவர், விக்கிரவாண்டி வருவதற்குள் தூங்கிப்போனார். நாலு பேர் பார்க்க அவர் அப்படிச் சாய்ந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். விழுப்புரம் வந்த பிறகும் நான் எழுப்பவில்லை. கண்டக்டர்தான் எழுப்பினார்.