டார்ச்காரரின் இடுப்பு

அவர் லிஃப்ட் மெக்கானிக். கூட வேலை செய்கிறவர்கள் அவரை டார்ச் என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டப்பகலிலும் கையில் டார்ச் இல்லாமல் அவர் எதையும் பார்க்க மாட்டார். இன்னொருவர் முடுக்கிய போல்ட்டைத் தானும் ஒருமுறை முடுக்கிப் பார்ப்பார். தான் முடுக்கியதை மறுபடி முடுக்கிப் பார்ப்பார். அந்தத் தொழிலில் சந்தேகப்படுகிறவன்தான் முழு உடம்போடு ஓய்வு பெறுவான் என்பது அவர் கணக்கு. வேலை முடிந்து கையைக் கழுவும்போது கிரீஸ் போய்விடும், சந்தேகம் மட்டும் போகாது. காய்கறிக்காரரின் தராசு, பல் மருத்துவரின் சிரிப்பு, பக்கத்து வீட்டுக்காரர் திடீரென்று காட்டும் மரியாதை, எல்லாவற்றின் மேலும் அவருக்கு ஒரு கண் இருந்தது.

அப்படிப்பட்டவரிடம் கம்பெனி டாக்டர், "கல்லீரல்ல கொழுப்பு படிஞ்சிருக்கு. இடுப்பைக் குறைங்க" என்று சொன்னார்.

டார்ச் அந்த ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெயர் அவருடையதுதான். வயதும் சரி. ஆனால் ரத்தமும் ஸ்கேனும் வேறு யாருடையதாகவாவது இருந்தால்? கம்பெனிக்குத் தெரியாமல் வேறொரு பரிசோதனைக் கூடத்துக்குப் போய் மறுபடி ரத்தம் கொடுத்து, ஸ்கேனும் எடுத்தார். அங்கேயும் அதையேதான் சொன்னார்கள். இரண்டு இடத்துக்காரர்களும் பேசிவைத்துக்கொண்டிருக்க முடியாது என்று அரை மனதாக ஒத்துக்கொண்டார். தொப்பை இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பல வருஷமாக அதே பேண்ட்களைத்தான் போடுகிறார், எதுவும் இறுக்கிப் பிடிக்கவில்லை. பேண்ட் இறுக்காதவரை பயப்பட ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தார்.

யார் யோசனையும் கேட்காமல் பட்டினியில் இறங்கினார். காலையில் கறுப்புக் காப்பி, மதியம் ஒரு வெள்ளரிக்காய், இரவுக்கு மோர். வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ஊராருக்கெல்லாம் துணி தைத்துக் கொடுக்கும் அவர் மனைவி, தட்டை நகர்த்தி வைத்துப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், கடைசியில் தனியாகச் சாப்பிடப் பழகிக்கொண்டாள். எடை மளமளவென்று இறங்கியது. முகம் ஒட்டிப்போனது. எரிச்சல் மட்டும் ஏறியது.

ஒருநாள் மதியம் ஒரு குடியிருப்பில் கரண்ட் போய் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு கர்ப்பிணிப் பெண். டார்ச்சும், எல்லோரும் மீசை என்று கூப்பிடும் அவருடைய வேலைக் கூட்டாளியும் மொட்டை மாடியில் இருந்த மோட்டார் அறைக்கு ஓடினார்கள். இந்த மாதிரி நேரத்தில் ஒருவர் கம்பியை அழுத்திப் பிடித்துப் பிரேக்கைத் தளர்த்த, இன்னொருவர் பெரிய சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்டை வாசலுக்குக் கொண்டுவர வேண்டும். சக்கரம் எப்போதும் டார்ச்சுக்குத்தான். அன்றைக்குக் கொஞ்சம் சுற்றியதுமே சக்கரம் கனத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். தோளில் ஏதோ சுளுக்கிக்கொண்டது, கை வெடுக்கென்று விட்டுவிட்டது. மீசை உடனே கம்பியை விட்டதால் பிரேக் பிடித்து, சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. பிறகு மீசை சுற்ற, டார்ச் நல்ல கையால் கம்பியைப் பிடிக்க, அந்தப் பெண் பத்திரமாக வெளியே வந்தாள்.

படியிறங்கும்போது மீசை, "என்னண்ணே, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டான்.

"சக்கரத்துக்கு எவனோ எண்ணெய் போடல."

"போன வாரம் நீங்கதாண்ணே போட்டீங்க."

டார்ச் தோளைப் பிடித்துக்கொண்டே இறங்கினார்.

அந்தக் குடியிருப்பின் கீழ்த்தளத்திலேயே ஒரு பிசியோதெரபி கிளினிக் இருந்தது. அங்கே அவர் தோளைப் பார்த்த அம்மா, குட்டையாக வெட்டிய நரைமுடிக்குள் பேனாவைச் செருகியிருந்தார். தோளை அசைத்துப் பார்த்தவர், தொடையையும் முன்கையையும் அழுத்திப் பார்த்துவிட்டு, "சமீபத்துல நிறைய இளைச்சீங்களா?" என்று கேட்டார்.

"ஆமா. நல்லாத்தான் போய்ட்டிருக்கு."

"என்ன போச்சுன்னு பாத்தீங்களா? கொழுப்பு மட்டும் போகல. தசையும் சேந்து கரைஞ்சிருக்கு. ஒண்ணுமே சாப்பிடாம பட்டினி கிடந்தா, எதை எரிக்கணும்னு உடம்பு உங்களைக் கேட்டுட்டா எரிக்கும்?"

"அப்ப என்ன செய்யணும்?"

"சாப்பிடணும்."

டார்ச்சுக்கு அந்த இடத்திலேயே சந்தேகம் தட்டியது. இளைக்கப் பார்க்கிறவனிடம் சாப்பிடச் சொல்கிறவரை எப்படி நம்புவது? ஆனால் அந்த அம்மா விடவில்லை. சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் பருப்பு, முட்டை, மீன், தயிர், காய்கறி. ஒரேயடியாகக் குறைக்காமல் கொஞ்சமாகக் குறைப்பது. தோள் ஆறியதும் கனம் தூக்குவது, நாற்காலி இல்லாமலே நாற்காலியில் உட்காருவதுபோல் உட்கார்ந்து எழுவது, தரையில் கை ஊன்றித் தண்டால். நடுநடுவே ஓய்வு. நல்ல தூக்கம். "தசைக்கு வேலை கொடுத்து, சாப்பாடும் கொடுத்தா அது எங்கயும் போகாது. கொழுப்புதான் மெதுவா போகும். மெதுவான்னா மெதுவாத்தான்."

"இதுல உங்களுக்கு என்ன லாபம்?"

"உங்க தோள் சரியாச்சுன்னா இந்தக் கேள்வியெல்லாம் கேக்க நீங்க இங்க வரமாட்டீங்க" என்றார் அவர்.

அந்தப் பதில் டார்ச்சுக்குப் பிடித்திருந்தது. தோளில் நோவு அடங்கியதும் விடிகாலையில் மாடிக்குப் போய் இரண்டு தண்ணீர் கேன்களைத் தூக்கி இறக்க ஆரம்பித்தார். மனைவி முட்டையை வேகவைத்து மெஷின் மேலேயே வைத்துவிட்டு அவர் சாப்பிடும்வரை ஊசியை ஓட்டாமல் இருந்தாள்.

வாரங்கள் ஓடின. படியேறும்போது மூச்சு வாங்குவது நின்றது. ஆனால் எடை அசையவில்லை. ஒரு நாள் கொஞ்சம் கூடுதலாகக்கூடக் காட்டியது. டார்ச் முதலில் எடை மெஷினைச் சந்தேகப்பட்டார். அதைப் பையில் போட்டு வேலைக்கு எடுத்துப்போனார். லிஃப்ட் எவ்வளவு பாரம் தாங்கும் என்று சோதிப்பதற்காக எடை முத்திரை குத்திய இரும்புக் கட்டிகள் அங்கே இருக்கும். ஒன்றை அதன் மேல் வைத்தார். துல்லியமாகக் காட்டியது. இன்னொன்றையும் வைத்தார். அதுவும் சரி. மீசை ஓரமாக நின்று பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் டீ குடிக்கப் போய்விட்டான்.

மெஷின் சரி என்றால் இன்னொரு குழப்பம் மிச்சம் இருந்தது. எடை இறங்காமல் பேண்ட் மட்டும் எப்படி லூசாகிறது? பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டியதாகிவிட்டது. யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். வீட்டில் ஒரு தையல்காரி இருக்கிறாள். புருஷன் மனம் தளர்ந்துவிடக் கூடாதென்று அவள்தான் ரகசியமாகப் பிரித்துப் பெரிதாக்கி வைக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் துணி கொடுக்கப் பக்கத்துத் தெருவுக்குப் போயிருந்தபோது, டார்ச் அலமாரியைத் திறந்து தன் பேண்ட்களையெல்லாம் கட்டிலில் உள்பக்கம் வெளியே திருப்பிப் போட்டார். இடுப்புப் பட்டையின் பின்தையலில் வெளிச்சம் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் திரும்பி வந்து வாசலில் நின்றாள்.

"என்னங்க பண்றீங்க?"

"நீ இதைப் பிரிச்சியா?"

அவள் கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "என் தையல்ல என்ன லிஃப்டா மாட்டிக்கிச்சு, டார்ச் அடிச்சுத் தேடுறீங்க?"

"பிரிச்சியா இல்லையா?"

"பிரிச்சேன்."

டார்ச் தலையை ஆட்டினார். "தெரியும். எனக்குத் தெரியும்."

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. இப்பப் பிரிக்கல. முன்னாடி பிரிச்சேன்." பேண்டைப் பிடுங்கி, துணியின் உள்பக்கத்தை விரித்துக் காட்டினாள். இப்போதிருந்த தையலுக்குப் பக்கத்தில் பழைய ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. அதற்கு உள்ளே இன்னொரு வரிசை. அதற்கும் உள்ளே மங்கலாக இன்னொன்று. "ஒவ்வொரு தடவையும் நீங்க மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் கொக்கி மாட்டுறதைப் பாப்பேன். சொன்னா மூஞ்சி தொங்கிடும். துவைச்சு மடிக்கிற சாக்குல கொஞ்சம் விட்டுத் தச்சு வச்சிடுவேன். எல்லா பேண்டும்தான். இனிமே விடத் துணியே இல்ல."

டார்ச் டார்ச்சை அணைத்தார். தராசு, டாக்டர், ரத்தம் எல்லாவற்றையும் சோதித்த மனிதர், இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடச் சோதிக்காதது இந்தப் பேண்ட்தான். அவருக்கு முதலில் கோபம் வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"அப்ப நான் ஊதிக்கிட்டே போனது உனக்குத் தெரியும்."

"தெரியும். சொல்லாதது தப்புதான். நீங்க என்னையும் சந்தேகப்படுவீங்கன்னு மட்டும் நினைக்கல."

அன்றைக்கு வீட்டில் மெஷின் ஓடவில்லை. சாயங்காலம் அவர்தான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "டேப்பை எடு, இடுப்பை அள" என்றார். அவள் அளந்தாள். டேப்பைப் பார்க்கக் குனிந்தவரின் தலையைத் தள்ளிவிட்டு, "நான் சொல்றதை நம்புங்க. குறைஞ்சிருக்கு, நல்லாவே" என்றாள். அவர் எட்டிப் பார்க்கவில்லை.

கிளினிக் அம்மாவிடம் கேட்டபோது, பட்டினியில் போன தசை திரும்ப ஏறுகிறது, கொழுப்பு இறங்குகிறது, இரண்டும் சேர்ந்து எடை முள்ளை ஒரே இடத்தில் பிடித்து வைத்திருக்கின்றன என்று விளக்கினார். பிறகு எடையும் மெல்ல இறங்கத் தொடங்கியது. மழைக்காலம் முடிவதற்குள் டார்ச்சின் தொப்பை சட்டைக்குள் அடங்கிவிட்டது.

இப்போது சந்தேகப்படுவது மற்றவர்களின் முறையாயிற்று. ஒருநாள் காலை மீசை ஒரு பை ஆப்பிளோடு வந்து, தையல் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணி, மறைக்காம சொல்லுங்க. அண்ணனுக்கு என்ன வியாதி?"

"ஏன் கேக்குறீங்க?"

"ஆளு பாதியாயிட்டாரு. எங்க ஆளுங்கள்லாம் கவலைப்படுறாங்க. பெரிய டாக்டர் யாரையாச்சும் பாக்கலாம்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு மாடியைக் காட்டினாள். மீசை ஏறிப் போனான். டார்ச் இரண்டு கையிலும் நிறைந்த தண்ணீர் கேன்களோடு மாடியின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்துகொண்டிருந்தார். மீசை பார்த்தான். பிறகு, அவர் இறக்கிவைத்த கேன்களில் ஒன்றின் மூடியைத் திறந்து, உள்ளே உண்மையிலேயே தண்ணீர்தானா என்று எட்டிப் பார்த்தான்.

"தூக்கிப் பாரேன்" என்றார் டார்ச்.

மீசை இரண்டையும் தூக்கினான். பாதி தூரத்திலேயே கீழே வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு கைப்பிடிச் சுவரில் சாய்ந்தான். மூச்சு அடங்கியதும் தான் கொண்டுவந்த பையிலிருந்து ஒரு ஆப்பிளை எடுத்துச் சட்டையில் துடைத்துக் கடித்தான்.

"நாளைக்கு எத்தனை மணிக்குண்ணே?" என்று கேட்டான்.