சந்தியாப்பிள்ளை அண்ணையின்ரை நூற்றி நாற்பத்தெட்டு

பிறசர் பாக்கிற தொழிலிலை ஒரு நிம்மதி: வாய் பொய் சொல்லும், கை பொய் சொல்லாது. ஏன்ராப்பா சிரிக்கிறியள்? நீங்களும் என்னைப்போலை ஏ.எல். படிப்பை அரைவழியிலை விட்டிட்டு, வீட்டுக்காரரின்ரை குடைச்சல் தாங்கேலாமல் கிடைச்ச வேலையிலை பாய்ஞ்ச கூட்டம்தானே. நீங்கள் மா அரைக்கப் போனியள், ரயர் ஒட்டப் போனியள். நான் சுன்னாகத்திலை ஒரு டொக்டரிட்டைப் போனன். பிறசர் மெசினைச் சைக்கிளிலை கட்டிக்கொண்டு, பாரிசவாதம் வந்து தப்பின ஆக்களின்ரை வீடுவீடாய்ப் போய், கையிலை பட்டியைச் சுத்திப் பாத்து, இலக்கத்தைக் கொப்பியிலை எழுதிக்கொண்டு வாறதுதான் வேலை. ஊசி போட விடேல்லை. என்ரை முகத்தைப் பாத்தாலே சனத்துக்குப் பிறசர் ஏறுமாம்.

டொக்டரின்ரை கணக்கு

சண்டையாலை தரைப்பாதை பூட்டின காலம். மருந்து கப்பலிலை வந்தால்தான் உண்டு, வந்தாலும் அரைவாசிதான். டொக்டர் போத்திலைக் கவிட்டுக் குளிசையைப் பங்கு பிரிப்பார். நூற்றைம்பதுக்கு மேலை நிக்கிற ஆளுக்கு நாளுக்கு ரண்டு குளிசை, கிழமைக்கொருக்கால் நான் போய்ப் பாக்கோணும். கீழை வந்திட்டால் ஒரு குளிசை, மாதத்துக்கொருக்கால் பாத்தால் போதும். மிச்சக் குளிசை அடுத்த ஆளுக்கு.

"இன்னும் கொஞ்சம் இறக்கினால் நல்லமெல்லோ டொக்டர்?" எண்டு ஒருநாள் என்ரை பெரிய மூளையைக் காட்டினன். மனுசன் எண்ணுறதை நிப்பாட்டேல்லை. "ஒருத்தனை நூற்றைம்பதிலையிருந்து நூற்றி முப்பதுக்கு இறக்கிற குளிசையிலை, இருநூறிலை நிக்கிற இன்னொருத்தனை நூற்றைம்பதுக்குக் கொண்டுவரலாமடா. ரண்டு பேரும் உயிரோடை இருக்கட்டும். ஒருத்தன் மட்டும் வடிவாய் இருக்கத் தேவையில்லை."

உப்பு

சந்தியாப்பிள்ளை அண்ணை குருநகர்க் கடற்கரை ஆள். ஷெல்லடிக்கை வீட்டையும் வள்ளத்தையும் விட்டிட்டு, மனுசி மரியம்மாக்காவோடை சுன்னாகத்திலை ஒரு வெங்காயக் கொட்டிலுக்குப் பக்கத்திலை வந்து இருந்தவர். வந்த மூண்டாம் மாதம் வலப்பக்கம் விழுந்திட்டுது. பேச்சு மட்டும் தப்பினது, அதுவும் வாய் கோணித்தான். சுத்திவரச் செம்பாட்டு மண். விடிய எழும்பினால் காத்து எந்தப் பக்கத்தாலை வருதெண்டு மூக்கைத் தூக்கிப் பாப்பார். வாறது வெங்காய மணம்.

"உப்பைக் குறையுங்கோ அண்ணை" எண்டன். பட்டி சுத்தின கையையே பாத்துக்கொண்டு இருந்தார். "உப்பு வேண்டாமெண்டு டொக்டர் சொல்லுறார். கடல் பக்கம் வரவேண்டாமெண்டு ஆமிக்காரன் சொல்லுறான். ரண்டு பேரும் கதைச்சு வைச்சிருக்கினமோடா தம்பி?"

சேட்டு

"காக்கைதீவுக் கடற்கரைக்கு ஒருக்கால் கொண்டுபோடா, அங்கை ஆமித் தொல்லை குறைவு, கரியரிலை இருந்து வாறன். ஒருக்கால் பாத்திட்டு வந்திடுவம்." போற கிழமையெல்லாம் இதே கதை. பிறசர் குறையுமட்டும் வெயிலுக்கை ஆளை அசைக்கக்கூடாதெண்டு டொக்டர் சொன்னதை மரியம்மாக்கா விடாப்பிடியாய்ப் பிடிச்சுக்கொண்டு நிண்டா. நான் பகிடிக்கு, "நூற்றைம்பதுக்குக் கீழை வாங்கோ அண்ணை, அடுத்த நிமிசம் கடல்" எண்டிட்டன்.

மனுசன் பகிடியாய் எடுக்கேல்லை. கருவாட்டை விட்டார். நான் போற நாளிலை சவரம் எடுத்து, பூசைக்குப் போடுற வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடிச் செபம் சொல்லிக்கொண்டு கையை நீட்டுவார். நூற்றி எண்பது. அடுத்த கிழமை நூற்றி எழுபத்தாறு. மரியம்மாக்கா பொத்தானைக் கழட்டிக்கொண்டு சொல்லுவா: "இண்டைக்கும் இல்லையாம். கழட்டுங்கோ, சேட்டுக் கசங்கப்போகுது."

காக்கைதீவு

அதுக்கு அடுத்த கிழமை பட்டியைச் சுத்திப் பாத்திட்டு, "நூற்றி நாற்பத்தெட்டு!" எண்டு கத்தினன். மரியம்மாக்கா சிலுவை போட்டா. சேட்டோடை ஆளைக் கரியரிலை இருத்தி, விழாமல் ஒரு துவாயாலை என்ரை இடுப்போடை சேத்துக் கட்டினம். மானிப்பாய் தாண்ட முதலே மூக்கைத் தூக்கிப்போட்டார். "வருதடா, வருதடா" எண்டு முதுகிலை குத்தினார்.

கரையிலை இறக்கிவிட, வெள்ளைச் சேட்டோடையே தண்ணிக்குள்ளை இருந்திட்டார். ஒரு மணித்தியாலம் எழும்பேல்லை. நானும் பாத்துக்கொண்டு இருந்தன். என்னோடை படிச்சவங்கள் பாதிப்பேர் கடல் தாண்டிப் போட்டாங்கள், நான் பாக்கக்கூட வராமல் கிடந்தனான். வெளிக்கிடக்கை அண்ணை இடக்கை விரலைத் தண்ணியிலை தோய்ச்சு நாக்கிலை வைச்சார். "கறியிலை போடேல்லைத்தானே தம்பி. டொக்டரிட்டைச் சொல்லிப்போடாதை."

கொப்பி

கொப்பியைப் பாத்து டொக்டருக்குச் சந்தோசம். அண்ணையின்ரை ரண்டாவது குளிசை மல்லாகத்திலை ஒரு ரீச்சருக்குப் போச்சுது. அவவுக்குப் பிறசர் வடிவாய் இறங்கினது, இப்ப தடி இல்லாமல் நடக்கிறா. அண்ணைக்கு மூண்டு கிழமையாலை திரும்பப் பாரிசவாதம் வந்திட்டுது. இந்தமுறை பேச்சும் போயிட்டுது. இப்ப நான் போனால் இடக்கை விரலைத் தூக்கி நாக்கிலை வைச்சுக் காட்டிப்போட்டு, என்ரை சைக்கிளைப் பாப்பார்.

டொக்டர் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பிரட்டினார். "நூற்றி நாற்பத்தெட்டிலை நிண்ட மனுசன்ரா. எப்பிடி வந்தது?"

கை பொய் சொல்லாதெண்டு முதலே சொன்னன்: அண்டைக்கும் அது நூற்றி எழுபத்தி நாலு எண்டுதான் சொன்னது, நாற்பத்தெட்டு எண்டு எழுதினது நான்.