வலது பக்கம் பன்னிரண்டு

லீவுக்குப் பிரான்சிலிருந்து வந்திருக்கும் தம்பி மகள் வகுத்தல் கணக்குப் போடுகிறாள். 252 எழுதி, கோடு கிழித்து, வகுக்கும் பன்னிரண்டை வலது பக்கம் எழுதுகிறாள். என் அம்மாவும் அப்படித்தான் எழுதுவாள்.

அம்மா பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவள். நான் ஆறாவது படித்தபோது, மீன் கழுவிய ஈரக்கையோடு சிவப்பு சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் 156ஐப் பன்னிரண்டால் வகுத்துக் காட்டினாள். மீதியில்லாமல் பதின்மூன்று வந்தது. அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டு போனேன்.

எங்கள் தமிழ்ப் பள்ளியில் வகுக்கும் எண் இடது பக்கம்தான் இருக்க வேண்டும். வாத்தியார் சிவப்பு மையால் கணக்கைக் குறுக்கே அடித்தார்.

"யாரு இப்படி மாத்திப் போடச் சொன்னது?"

"நானாதான் போட்டேன் சார்."

சாயங்காலம் அம்மா நோட்டைப் பார்த்தாள். பதின்மூன்றைப் பன்னிரண்டால் பெருக்கினாள். 156 வந்தது. இன்னொரு முறையும் பெருக்கினாள்.

"வெட சரியாத்தானேடி இருக்குது?"

"எங்க ஸ்கூல் கணக்கு உனக்குத் தெரியாதும்மா. வுட்டுடு."

அதன்பிறகு அம்மா என் கணக்கு நோட்டைத் தொடவில்லை. நானும் கொடுக்கவில்லை.

"சரியா அத்தை?" தம்பி மகள் நோட்டை நீட்டுகிறாள். விடை இருபத்தொன்று. டிக் போடுகிறேன். அந்த டிக் நோட்டுப் பக்கத்தில் பாதியை அடைத்துக்கொள்கிறது.