பாக்கெட் அக்காவின் கூட்டம்

இஸ்திரிப் பெட்டி துணியைத் தொடுமுன் அக்காவின் இடது கை பாக்கெட்டுக்குள் போய்விடும். பஸ் டிக்கெட், சில்லறை, சீப்பு எல்லாம் பக்கத்து டப்பாவில் விழும். காலி மாத்திரை அட்டை வந்தால் மட்டும் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, சட்டையோடு அந்த வீட்டுக்கே நடப்பார்.

"உங்க பையனுக்கு எங்க வலி?"

"எங்க பிள்ளை அப்படியெல்லாம் இல்லம்மா."

"அப்ப சட்டைக்குத்தான் வலியா?"

பக்கத்தில் நிற்பவரிடம் அவர் பேசினால் எதிர்மாடிக்குக் கேட்கும். பாதி வாடிக்கை போய்விட்டது. "போகட்டும். துணி கசங்கினா நான் தேய்ப்பேன். பிள்ளை கசங்கினா எவ தேய்ப்பா?"

வெளியிலிருந்து வந்து ஒட்டிய போதை விழிப்புணர்வுப் படங்களில் ஊசியும் மண்டையோடும்தான். இந்தக் குடியிருப்பில் போதைக்குப் புழங்குவது வலி மாத்திரை. அதனால் பாடத்தைக் குடியிருப்புக்காரர்களே அமைத்துக்கொண்டார்கள். அவரவர் வீட்டில் பார்த்ததை அவரவரே குடியிருப்புச் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் சொல்வது. பிள்ளையை அடிப்பதில்லை, துரத்துவதில்லை. மாத்திரை எங்கே கிடைத்தது என்பதை மறைப்பதில்லை. கடைசி விதி அக்கா சண்டை போட்டு வாங்கியது.

நான் போயிருந்த அன்று அவருடைய தம்பி பேசுவதாக இருந்தது. மாத்திரையை விட்டுச் சில வாரங்களே ஆகியிருந்தன. "இன்னிக்கு வாயைத் திறக்கலேன்னா மறுபடி அங்கதான் போய் நிப்பான்" என்று காலையிலிருந்தே அக்கா பொருமிக்கொண்டிருந்தார்.

நாற்காலிகளும் மைக்கும் தெருமுனை மெடிக்கல்காரர் உபயம். மருந்துச் சீட்டில்லாமல் அவர் எதை விற்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் சங்கம் வாங்கியிருந்தது. அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொடுத்தவரே வந்து முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். தலைவர் கைதட்டச் சொன்னார். தட்டினார்கள்!

தம்பி மைக் முன் வந்து நின்றான். கண் முன்வரிசைக்கே போனது. அக்கா அருகில் போனார்.

"என்னடா?"

"அவர் முன்னாடியேவாக்கா? அவர்கிட்டதானே வாங்கினேன்."

கிசுகிசுப்புதான். மைக் அதைக் கடைசி வரிசைவரை கொண்டுபோனது. தலைவர் தன் செருப்பைப் பார்த்தார். "இன்னொரு நாள் பேசிக்கலாம்மா."

மெடிக்கல்காரர் சிரித்தார். "பரவாயில்ல சார், நம்ம பையன்தானே. பேசட்டும்."

அக்கா மைக்கின் ஒயரைப் பிடுங்கினார். நிதானமாகச் சுருட்டி, மைக்கோடு சேர்த்து மெடிக்கல்காரர் மடியில் வைத்தார்.

"இப்ப சொல்லுடா. சத்தமா."

சொல்லிவிட்டு, அந்த ஆளுக்கு முதுகைக் காட்டி, தம்பிக்கு எதிரே வெறுந்தரையில் உட்கார்ந்தார்.