ஏழாவது கூறு

பாரோயில் எங்கள் வரிசை வீடுகளில் யாருக்காவது மாதக் கடைசியில் செலவு கையைக் கடித்தால், என்னிடம்தான் யோசனை கேட்பார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. மசாலாத் தூளைப் பாக்கெட்டில் வாங்காதே; மூன்று வீடு சேர்ந்து மிளகாய், மல்லி வாங்கி மில்லில் அரைத்துப் பங்கு போட்டுக்கொள். சோறு வேகும்போதே மேல்தட்டில் முட்டையையும் உருளைக்கிழங்கையும் வைத்துவிடு. ஐஸ்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு என்ன சமைக்கலாம் என்று யோசிக்காதே, யோசித்து முடித்துவிட்டுத் திற. இந்தக் கடைசி யோசனையை என் மகனுக்குப் பத்து வருடமாகச் சொல்கிறேன். இன்னும் அவன் ஐஸ்பெட்டிக்கு முன்னால்தான் நின்று யோசிக்கிறான்.

"எச்சக் கையால காக்கா ஓட்ட மாட்டா" என்பார் என் கணவர், விருந்தாளிகள் முன்னாலேயே. சொல்லிக்கொள்ளட்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றுதானே பெரியவர்கள் சொன்னார்கள், அவரைக் கேட்டுப் போடு என்று சொல்லவில்லையே.

எல்லாருக்கும் நான் முதலில் சொல்லும் பாடம் ஒன்று உண்டு. எங்கே போனாலும் கடைசியில் போ. சந்தைக்குப் போனாலும், போர்டிக்சனுக்கு மீன் வாங்கப் போனாலும், கடை கட்டும் நேரமாகப் பார்த்துப் போனால் பாதி விலைக்குக் கிடைக்கும், சில நாள் சும்மாவே அள்ளிப் போடுவார்கள். இதைப் பத்து வயதில் அம்மாவிடம் கற்றேன் என்று பெருமையாகச் சொல்வேன். அந்தக் கதையையும் சேர்த்தே சொல்வேன்.

ரெம்பாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நாங்கள் இருந்தபோது தீபாவளிக்குக் கறியைக் கடையில் வாங்குவதில்லை. பத்துப் பதினைந்து வீடு சேர்ந்து ஓர் ஆடு வாங்குவார்கள். பண்டிகைக்கு முதல் நாள் காலையில் வெட்டி, வாழை இலைகளில் கூறு போடுவார்கள். எலும்பு, தொடை, ஈரல் எல்லாம் எல்லாக் கூறிலும் சமமாக இருக்க வேண்டும். அப்புறம் ஒருவர் ஒரு கூறைத் தொட்டு "இது யாருக்கு?" என்பார். முதுகைக் காட்டி நிற்கும் இன்னொருவர் ஏதாவது ஒரு வீட்டின் பெயரைச் சொல்வார். சண்டைக்கே இடமில்லை. இறந்தவர்களுக்கு அன்று மாலை படையல் போட அந்தக் கறிதான்.

அப்பா காமாலையில் போய்ச் சேர்ந்த வருடம் எங்களுக்குத் தீபாவளி இல்லை. மறு வருடம் அம்மா என் கையில் தூக்குச்சட்டியைக் கொடுத்தாள். "கூறு கூப்புட்டு முடிச்சு எல்லாரும் போனப்பறம் போ. கடைசியில போனாத்தான் மிஞ்சுனதச் சேத்துப் போடுவாங்க. காசும் கேக்க மாட்டாங்க" என்றாள். நான் மாமரத்துக்குப் பின்னால் நின்று, கடைசி ஆளும் போவதைப் பார்த்துவிட்டுப் போனேன். சட்டி நிறையக் கறி. காசு கேட்கவில்லை. ஐந்து தீபாவளிக்கு அப்படியே நடந்தது; நான் வேலைக்குப் போனதும் எங்கள் வீடும் பணம் கட்டிப் பங்கு சேர்ந்தது. ஊரில் மற்றவர்கள் எல்லாம் அவசரக் குடுக்கைகள், எங்கள் வீடுதான் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொள்வேன்.

கல்யாணமாகிப் பாரோய்க்கு வந்த பிறகு அம்மாவும் என்னோடு வந்துவிட்டாள். ஆட்டுப் பங்கை மட்டும் நான் விடவில்லை. வருடா வருடம் பணம் கட்டி, தோட்டத்துக்குப் போய் என் கூறை வாங்கி வருவேன். சந்தை விலையைவிட மலிவு, வேறென்ன. வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா ஒரே கேள்விதான் கேட்பாள். "வீடு எத்தன? கூறு எத்தன?" நான் அதைச் சரியாகக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லிவிட்டு ஊறுகாய் பாட்டிலைத் தேடப் போய்விடுவேன்.

இந்தத் தீபாவளிக்குப் பங்கில் ஆறு வீடுதான் மிஞ்சியது. மற்றவர்கள் டவுனுக்குப் போய்விட்டார்கள். ஆள் குறைந்ததால் ஒரு கூறின் விலை ஏறிவிட்டது. பேரங்காடியில் வெளிநாட்டு ஐஸ் கறி இதைவிட மலிவாகக் கிடைக்கிறது. "கணக்கு அம்மாவுக்கு இதுகூடவா தெரியல?" என்று கணவர் என்னைக் கிண்டல் செய்தார். இதுதான் கடைசி வருடம் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் கிளம்பினேன்.

ஆடு வெட்டுகிறவர் முன்பு தோட்டத்து லாரி ஓட்டியவர். எல்லாருக்கும் மாமா. நான் போனபோது கூறு போட்டு முடித்திருந்தார். எண்ணிப் பார்ப்பது என் கண்ணுக்கு வியாதி. ஏழு இருந்தது.

"மாமா, வீடு ஆறுதானேலா? ஏன் ஏழு போட்டிருக்கீங்க?"

"எப்பவும் ஒன்னு கூடத்தாம்மா போடறது."

"அத ஆறு கூறுக்கும் பிரிச்சுப் போட்டா விலை கட்டுப்படியாகும். அடுத்த வருசமும் ஆள் நிக்கும். இல்லாட்டி எனக்கே முடியாது மாமா."

பக்கத்தில் நின்ற பெண் உடனே தலையாட்டினாள். "அக்கா சொல்றது சரிதான்லா. எல்லாம் வெலையேறிப் போச்சு." மற்ற எல்லார் கண்ணும் அந்த ஏழாவது இலைக்குப் போனது. இன்னும் ஒரு வார்த்தை நான் பேசியிருந்தால் பிரித்திருப்பார்கள்.

மாமா கத்தியைத் துடைத்தார். கோபமெல்லாம் இல்லை. "பிரிக்கணும்னா பிரிச்சுக்கலாம். இது கடைசியா வர்ற ஆளுக்கு. மூலை வீட்டுப் பொண்ணு, புருசன் போயி ரெண்டு வருசமாச்சு. எல்லாரும் கலைஞ்சப்பறம் வான்னு சொல்லிருக்கேன். வேணாம்னா சொல்லுங்க, நான் போயிச் சொல்லிக்கிறேன்."

நான் அந்த இலையைப் பார்த்தேன். எலும்பு, தொடைக்கறி, ஓரத்தில் ஒரு துண்டு ஈரல். மற்ற ஆறு இலைகளிலும் இருந்த அதே அளவு ஈரல்.

என் தூக்குச்சட்டியிலும் ஒவ்வொரு வருடமும் ஈரல் இருந்தது. அம்மா அதைத் தனியாக வறுத்து அப்பாவின் படையல் இலையில் வைப்பாள். மிஞ்சிய கறியில் ஈரல் எங்கிருந்து வரும்? ஓர் ஆட்டுக்கு இருப்பது ஓர் ஈரல். அதை யார் மிச்சம் வைப்பார்கள்? இத்தனை வருடம் எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டிருந்த எனக்கு இதை மட்டும் எண்ணத் தெரியவில்லை.

"இருக்கட்டும் மாமா. ஏழாவே இருக்கட்டும்" என்றேன். தலையாட்டிய பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். என் பெயரைக் கூப்பிட்டதும் பணத்தைக் கொடுத்துவிட்டு, கறியை எடுத்துக்கொண்டு காருக்கு வந்துவிட்டேன். மூலை வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. அந்தப் பக்கம் நான் திரும்பவில்லை.

பாரோய் வந்து சேரும்வரை எனக்கு அம்மா மீது கோபமாகத்தான் இருந்தது. அவமானம் அதற்கு அப்புறம்தான் வந்தது. தெருவெல்லாம் நின்று சாமர்த்தியம் என்று பேசியிருக்கிறேனே!

அம்மா அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்.

"வீடு எத்தன?"

"ஆறு."

"கூறு?"

"ஏழும்மா."

"அப்பச் சரி" என்று கறிப் பையை வாங்கிக்கொண்டாள். ஈரலைத் தேடி எடுத்துத் தனிக் கிண்ணத்தில் போட்டாள்.

"ஏம்மா எங்கிட்டச் சொல்லவே இல்ல?"

எதைக் கேட்கிறேன் என்று அவள் கேட்கவில்லை. ஈரலைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"சொல்லியிருந்தா நீ சட்டியத் தூக்கிட்டுப் போயிருப்பியா?"

போயிருக்க மாட்டேன். அப்பாவின் இலையில் ஐந்து வருடமும் ஈரல் இருந்திருக்காது.